சிவப்பு சுவிட்சைத் தொடாதே

1

"ஐயோ... யாராவது ஓடியாங்களேன்... அவியளைப் பாருங்களேன்..."

சொர்ணாம்பாளின் அலறல் மழைச் சத்தத்தையும் தாண்டித் தெருக்கோடி வரை கேட்டது.

புதன்கிழமை. பிற்பகல் மூன்று ஐம்பத்தைந்து.

விக்கிரமசிங்கபுரத்தில் ஐப்பசி மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் இரண்டு வீடு தள்ளி நின்ற தென்னையின் தலையில் இடி இறங்கியிருந்தது. அந்த மழையிலும் தென்னை புகைந்துகொண்டிருந்தது.

குடையை மறந்து ஓடிவந்தவர்கள் பார்த்தது...

கம்ப்யூட்டர் மேஜையின் மேல் கவிழ்ந்து கிடந்த குற்றாலலிங்கத்தை.

வயது அறுபத்தேழு. நூல் மில்லில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கன்னம் கீபோர்டின் மேல் அழுந்தியிருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னாலிருந்து கருகல் நாற்றம்.

மூச்சு இல்லை.

தெரு உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. நெட் வயர் வழியாக இடி உள்ளே வந்து ஆளை அடித்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தெருவில் நாலு டிவியும் ஒரு ஃபிரிட்ஜும் போயிருந்தன. கூடவே ஒரு மனுஷர். அவ்வளவுதான்.

ஆனால் தீர்ப்பு சொன்னவர்களுக்கே ஒரு விஷயம் நெருடியது.

செத்தது வேறு யாராவது என்றால் நம்பலாம். குற்றாலலிங்கம் எப்படி?

பொதிகை மலைமேல் ஒரு கறுப்பு மேகம் எட்டிப் பார்த்தால் போதும். மனுஷர் வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிடுவார். பிறகு தெருவில் இறங்கி ஒவ்வொரு வாசலாக நின்று, டிவி பிளக்கைப் பிடுங்கியாச்சா, கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கியாச்சா என்று கேட்பார். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கே வெளியே வரவேண்டும் என்பார். இருபது வருஷமாக இதே பாட்டு. அவருக்குத் தெரியாமல் தெரு வைத்த பெயர், 'பிளக் பிள்ளை'.

அந்தப் பிளக் பிள்ளையா... இடி இடிக்கும்போது கம்ப்யூட்டரைப் போட்டார்?

2

இன்ஸ்பெக்டர் பேச்சித்தாய் நாலரை மணிக்கு வந்து இறங்கினாள்.

முப்பத்தெட்டு வயது. அதிகம் பேசாதவள். பேசினால் எதிராளிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

அறையைச் சுற்றி வந்தாள். டிவி பிளக் வெளியே. ஃபிரிட்ஜ் பிளக் வெளியே. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின்... எல்லாமே வெளியே. காலிங் பெல்லைக்கூட மனுஷர் விட்டுவைக்கவில்லை.

கம்ப்யூட்டர் பிளக் மட்டும் உள்ளே.

"என்ன ஏட்டய்யா நினைக்கிய?"

ஏட்டு சுடலைக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"இடிதாம்மா. தெருவே சொல்லுது."

"இடி விழுந்து செத்தவங்க நம்ம பக்கத்துல நெறைய உண்டு. பிளக்கை மாட்டி வச்சுட்டு அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தவரை இப்பத்தான் பாக்கேன்."

சுடலைக்கண்ணு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

பேச்சித்தாய்க்கு உறுத்த இன்னொரு காரணமும் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் இதே வீட்டுக்கு வருவதாக இருந்தாள். இதே கம்ப்யூட்டரைப் பார்க்க.

விஷயம் இதுதான்.

குற்றாலலிங்கத்துக்கும் சொர்ணாம்பாளுக்கும் பிள்ளை கிடையாது. அவருடைய தங்கை மகன் கோமதிசங்கரைப் பத்து வயதிலிருந்து வளர்த்தார்கள். இப்போது அவனுக்கு முப்பத்தொன்று. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மாடி அறையிலிருந்தே வேலை செய்கிறான். அவனுக்கு நிச்சயமான கல்யாணம் இரண்டு தடவை நின்றுபோனது. இரண்டு தடவையும் பெண் வீட்டுக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் போயிருந்தது. மாப்பிள்ளை குடிகாரன் என்று ஒன்று. மாப்பிள்ளைக்கு வலிப்பு நோய் என்று இன்னொன்று. இரண்டுமே சுத்தப் பொய்.

மூன்றாவதாக அமைந்தது பாளையங்கோட்டை விஜயஸ்ரீ. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுப்பவள். போன வாரம் அவள் அப்பா சிவசங்கரனுக்கும் ஒரு மொட்டைக் கடிதம் வந்து சேர்ந்தது.

மற்ற அப்பாக்கள் தரகரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிக் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி ஒதுங்கினார்கள். சிவசங்கரன் தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். ஆறு பக்கத்துக்குப் புகார் எழுதி, அதில் மூன்று நகல் எடுத்து, திங்கட்கிழமை பேச்சித்தாயின் ஸ்டேஷனில் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டார். மூன்று சம்பந்தமும் முன்கூட்டித் தெரிந்த ஆள்தான் எழுதியிருக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே விசாரணையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்திருந்தார்.

பேச்சித்தாய் செவ்வாய்க்கிழமை இந்த வீட்டுக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை வருகிறேன் என்று சொன்னாள். கௌரவமான குடும்பம். சொல்லாமல் போய் நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்தாள்.

இப்போது கம்ப்யூட்டர் கருகிக் கிடந்தது. அதன்மேல் ஒரு பிணமும்.

அவளுக்குத் தன் மரியாதைமேல் கோபம் வந்தது.

உடலை அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கம்ப்யூட்டரை அசன் மைதீனிடம் அனுப்பினாள்.

3

அசன் மைதீன் காயல்பட்டினத்துக்காரன். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மழைக்காலத்தில் அவன் கடை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இடி வாங்கிய பெட்டிகள் தரையெல்லாம் கிடக்கும்.

வியாழக்கிழமை காலை பேச்சித்தாய் ஏட்டோடு அவன் கடைக்கு வந்தபோது, டாக்டர் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. உடம்பில் எங்குமே தீக்காயம் இல்லை. மின்சாரம் பாய்ந்த அடையாளமும் இல்லை. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த இதயம், திடீர் அதிர்ச்சியில் நின்றுவிட்டது.

அப்படியானால் எது அதிர்ச்சி?

அசன் மைதீன் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினான்.

"இது இடி செஞ்ச வேலை இல்ல மேடம். மனுசன் செஞ்ச வேலை."

"எப்படிச் சொல்லுதிய?"

அவன் பொறுமையாக விளக்கினான். வெளியிலிருந்து வரும் இடி பெரும்பாலும் நெட் வயரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும். முதலில் வைஃபை பெட்டியைத் தின்னும். அப்புறம் வயர் சொருகும் இடத்தைத் தின்னும். அப்புறம்தான் மற்றதெல்லாம். இங்கே வைஃபை பெட்டி நன்றாக இருக்கிறது. வயர் சொருகும் இடம் நன்றாக இருக்கிறது. வெடித்தது ஒன்றே ஒன்று. கரண்ட் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி.

அதன் முதுகில், விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு சுவிட்ச்.

"பழைய மாடல்ல இது இருக்கும். நம்ம ஊரு கரண்டு எரநூத்தி முப்பது வோல்ட். அமெரிக்காவுல நூத்திப் பதினஞ்சு. எந்த ஊருன்னு சொல்லத்தான் இந்த சுவிட்சு. இப்ப எதுல நிக்கிதுன்னு பாருங்க."

பார்த்தாள். நூற்றுப் பதினைந்து.

"இதைத் தள்ளிவச்சுட்டு நம்ம கரண்டைக் குடுத்தா வெடிகுண்டு மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்துல உக்காந்திருக்கிறவன் பலகீனமான ஆளுன்னா... மவுத்துதான்."

"தானா நகருமா?"

"நகராது மேடம். உள்ள பதிஞ்சு கெடக்கும். ஸ்குரூ டிரைவர் நுனியோ கொண்டை ஊசியோ வச்சு யாரோ தள்ளியிருக்கணும்."

அசன் மைதீன் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னான். நேற்று மதியம் இரண்டு மணிக்குக் குற்றாலலிங்கம் அவனுக்குப் போன் பண்ணினாராம். கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கடிதத்தை யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி எப்படி அழிப்பது என்று கேட்டாராம். ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாராம்.

ஏட்டு சுடலைக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. மொட்டைக் கடிதம் எழுதியவர் யார் என்பது கிடைத்துவிட்டது.

இனி அந்தக் கிழவரைக் கொன்றது யார் என்பதுதான் பாக்கி. அது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

4

கோமதிசங்கரை மதியம் ஸ்டேஷனுக்கு அழைத்துவந்தார்கள்.

அவன் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறானா, தூங்கவில்லையா என்று சொல்ல முடியவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னான். அதுதான் அவனுக்கு வினையாகப் போனது.

சிவப்பு சுவிட்ச் என்ன செய்யும் என்று தெரியுமா? தெரியும். கம்ப்யூட்டர் படித்த எவனுக்கும் தெரியும். மாமாவுக்கு இதயம் பலவீனம் என்று தெரியுமா? தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அவன்தான். புதன்கிழமை காலை மாமாவோடு சண்டை போட்டது உண்மையா? தெருவே கேட்டதே.

உண்மை.

"எதுக்கு?"

கோமதிசங்கர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தரகரை விட்டா எங்க மூணு பேருக்கு மட்டும்தான் மேடம் எல்லா சம்பந்தமும் மொதல்லயே தெரியும். அத்தை கம்ப்யூட்டரைத் தொட்டு நான் பாத்ததில்ல. அதனால மாமாகிட்ட நேராவே கேட்டேன், நீங்கதானா எழுதினீங்கன்னு. அவிய ஒண்ணுமே சொல்லல. இல்லைன்னுகூடச் சொல்லல."

"அதனால?"

"கத்திட்டேன். என் வாழ்க்கையைக் கெடுத்துட்டியன்னு சொன்னேன். அதுதான் நான் அவியகிட்ட கடைசியாப் பேசினது."

அவன் குரல் அங்கே உடைந்தது.

பேச்சித்தாய்க்கு அவனைப் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் பிடித்ததை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆத்திரம் இருக்கிறது. தொழில் தெரிகிறது. அதே வீட்டு மாடியில் இருந்திருக்கிறான். உட்கார்ந்திருக்கச் சொன்னாள்.

இதற்குள் அசன் மைதீன் போன் செய்தான். பவர் சப்ளையை மாற்றிப்போட்டுப் பார்த்தானாம். கம்ப்யூட்டர் ஒரு சிணுங்கலும் இல்லாமல் எழுந்துகொண்டதாம். வெடித்தது சோப்பு டப்பா அளவு ஒரு பெட்டி மட்டும். ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. உள்ளே இரண்டு கடிதங்கள் பத்திரமாக இருந்தன. ஒன்று குடிகாரன். ஒன்று வலிப்பு.

இரண்டா என்று கேட்டாள். இரண்டுதான் என்றான்.

மூன்றாவது எங்கே என்று அவள் யோசிக்கும்போதே, ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

5

சொர்ணாம்பாள் இறங்கினாள். கூட யாரும் வரவில்லை.

அறுபது வயது. நேற்றைய சேலை. நெற்றியில் விபூதி மட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இறந்தவரின் சட்டை, வாட்ச், கண்ணாடி.

பேச்சித்தாய் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவள் உட்காரவில்லை.

"உடம்பைக் குடுத்துட்டாவம்மா. வீட்டுல கொண்டுவந்து போட்டிருக்கு. கொள்ளி வைக்க ஆள் இல்ல. சங்கரை விட்டுருங்க."

பேச்சித்தாய் நிதானமாக எடுத்துச் சொன்னாள். சாவில் சந்தேகம் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சுவிட்சை யாரோ வேண்டுமென்றே...

"அந்தச் சிவப்பு சுவிட்சைத் தள்ளினது நான்."

ஸ்டேஷனில் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"கொண்டை ஊசியால தள்ளினேன். அவியதான் எனக்குச் சொல்லித்தந்தாவ. அந்தக் கம்ப்யூட்டர் வாங்கின நாள்லருந்து, துடைக்கப் போகும்போதெல்லாம் சொல்லுவாவ. சிவப்பு சுவிட்சைத் தொடாதட்டீ, தொட்டா இடி விழுந்த மாதிரி உள்ள எல்லாம் எரிஞ்சு போயிரும்னு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள்.

கடிதங்களை எழுதியது அவள். வெள்ளிக்கிழமைகளில் கணவர் பாபநாசம் கோயிலுக்குப் போனதும், கோமதிசங்கர் மாடியில் வேலையில் மூழ்கியதும், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பாள். அரைப் பக்கத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை ஆகும்.

ஏன்?

பையனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் போய்விடுவான். வருகிறவள் பெங்களூர் என்பாள், சென்னை என்பாள். அப்புறம் அந்த வீட்டில் மிச்சம் இருப்பது அவளும், நாளெல்லாம் வாய் திறக்காமல் பேப்பர் படிக்கும் ஒரு மனுஷரும், பிடுங்கிப்போட்ட பிளக்குகளும்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அவன் ஒருத்தன். அத்தை, இன்னைக்குக் குழம்பு நல்லாருக்கு என்று சொல்கிறவன் அவன் ஒருத்தன். இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்றுதான் முதல் கடிதம் எழுதினாள். இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று இரண்டாவது.

போலீஸ் வரப்போகிறது என்றதும் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கடிதங்களையும் எரித்துவிட முடிவு செய்தாள். புதன்கிழமை இடி இடிக்கத் தொடங்கியதும் குற்றாலலிங்கம் வழக்கம்போலப் பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவள் சுவிட்சைத் தள்ளினாள். மழை விட்டதும் தானே கரண்டைப் போட்டு வெடிக்க விட வேண்டும், இடி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்பது கணக்கு. மாடியில் காயப்போட்ட துணி நனைகிறதே என்று ஓடினாள். இரண்டு வீடு தள்ளி இடி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளேயும் ஒன்று விழுந்தது.

"அவிய எந்திரிச்சுப் போடுவாவன்னு நான் சத்தியமா நினைக்கலம்மா. இடி இடிக்கும்போது பிளக்கை மாட்டுத மனுசரா அவிய?"

பேச்சித்தாய் கேட்டாள்.

"பின்ன ஏன் மாட்டினாரு?"

சொர்ணாம்பாள் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டாள். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

குற்றாலலிங்கத்தின் கையெழுத்து. மில்லில் வேலை தொடங்கும் முன் எழுதிக்கொள்வதுபோல வரிசையாக எழுதியிருந்தார்.

'சொர்ணம் எழுதியது இரண்டு.

ஷிப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்த வேண்டும்.

பிறகு குப்பைத்தொட்டியையும் பார்க்க வேண்டும்.

இன்றே முடிக்க வேண்டும். சொர்ணம் மாடிக்குப் போகும் நேரம்.

சொர்ணத்துக்குத் தெரிய வேண்டாம்.'

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பென்ஷன் விண்ணப்பம் ஒன்றைத் தேடும்போது எப்போதோ கண்ணில் பட்டிருக்கலாம். மனைவியிடம் கேட்கவில்லை. காலையில் மருமகன் முகத்துக்கு நேரே கத்தியபோதும் பழியை அப்படியே தன்மேல் வாங்கிக்கொண்டார். பிற்பகலில், இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னதை மீறி, இடிக்கு நடுவில் பிளக்கை மாட்டினார்.

மனைவி எரிக்க நினைத்ததும் அந்த இரண்டு கடிதங்களைத்தான். கணவர் அழிக்க நினைத்ததும் அதே இரண்டு கடிதங்களைத்தான். ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் இருவரும் காப்பி குடித்துக்கொண்டே வேலையை முடித்திருக்கலாம்.

கடிதங்களோ, அசன் மைதீன் கடையில் சௌக்கியமாக இருந்தன.

6

கோமதிசங்கரை அனுப்பும் முன், பேச்சித்தாய் தன் மேஜை டிராயரைத் திறந்து விஜயஸ்ரீ வீட்டுக்கு வந்த கடிதத்தை எடுத்தாள். அம்பாசமுத்திரம் தபால் முத்திரை. அதைச் சொர்ணாம்பாளிடம் நீட்டினாள்.

"இதையும் நீங்கதான எழுதினிய?"

சொர்ணாம்பாள் தூரத்தில் பிடித்துப் படித்தாள். தலையை ஆட்டினாள்.

"இது நான் இல்ல."

"அம்மா... ரெண்டை ஒத்துக்கிட்டிய. மூணாவதை மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"மூணாவது எழுதலாம்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு பேரைக்கூட அடிச்சு முடிக்கல. அதுக்குள்ள வேற யாரோ எழுதிட்டாவ."

அவள் முகத்தில் பொய் இல்லை. இதற்குமேல் பொய் சொல்லி அவள் காப்பாற்றிக்கொள்ள என்ன இருந்தது?

அன்று மாலை தாமிரபரணிக் கரையில் குற்றாலலிங்கத்துக்குக் கோமதிசங்கர்தான் கொள்ளி வைத்தான். பேச்சித்தாய் சொர்ணாம்பாள்மேல் கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதிவு செய்துவிட்டு, காரியம் முடியும் வரை வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். எப்போது கூப்பிட்டாலும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும்.

சனிக்கிழமை சொர்ணாம்பாள் கையெழுத்துப் போட வந்தாள். மருமகன்தான் கூட்டிவந்தான். மொட்டையடித்த தலை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் அத்தைக்குக் குடை பிடித்தபடி, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடந்துவந்தான். வாசலில் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அத்தையோடு பேசுகிறானா என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"சோறு போடுதாங்க, திங்கேன். நல்லாருக்குன்னு சொல்ல வாய் வரல மேடம்."

அதற்குமேல் அவள் அதைத் தோண்டவில்லை. மூன்றாவது கடிதத்தை அவனிடம் கொடுத்தாள். அவன் அதை அதுவரை பார்த்ததே இல்லை.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம். பத்தி பிரித்து அழகாக அடித்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் வேண்டும் என்றது. அவர் சொல்லும் சம்பளத்தில் பாதிதான் நிஜம் என்றது. கடைசியில், அவருடைய தைரியத்தைப் பற்றி அறிய விரும்பினால் ஒரு பல்லியைக் காட்டிப் பார்க்கவும் என்றது.

கோமதிசங்கர் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான்.

"எனக்குப் பல்லின்னா பயம் மேடம். நெஜமாவே பயம். சின்ன வயசுலருந்து யார்கிட்டயும் சொன்னதில்ல. அத்தைக்கே தெரியாது."

"யார்கிட்டயுமே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பொண்ணு பாக்கப் போனப்ப மாடியில தனியாப் பேச விட்டாங்க. சுவத்துல ஒண்ணு ஓடிச்சு. நான் நாற்காலியை நகத்திப் போட்டேன். அவங்க ஏன்னு கேட்டாங்க. அப்பத்தான்..."

வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

7

திங்கட்கிழமை காலை. பாளையங்கோட்டை.

சிவசங்கரன் இன்ஸ்பெக்டரை வாசலுக்கே வந்து வரவேற்றார். உட்காரும் முன்பே, தன்னுடைய புகாரின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று கேட்டார். வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் கொடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். பேச்சித்தாய் அவர் மகளிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள்.

மாடியில், அதே நாற்காலி.

விஜயஸ்ரீ முதலில் எதுவும் தெரியாது என்றாள். பேச்சித்தாய் பல்லி என்ற ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான்தான் எழுதினேன்."

"என்னத்துக்கும்மா? அவன் நல்ல பையனாச்சே."

"நல்லவர்தான். அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பெங்களூர்ல ஆராய்ச்சிக்கு இடம் கெடைச்சிருக்கு மேடம். நாலு வருசம். இப்பக் கல்யாணம் வேண்டாம்னு அப்பாகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். அப்பாவுக்கு வாயால சொன்னா ஏறாது. எதுவானாலும் எழுத்துல வேணும். அதான் எழுதினேன்."

அந்தப் பையனுக்கு முன்னால் இரண்டு சம்பந்தம் மொட்டைக் கடிதத்தால் நின்றது என்று தரகர் வாயால் தெரிந்துகொண்டாளாம். மூன்றாவதும் அப்படியே நிற்கட்டும் என்று நினைத்தாளாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அப்பாவும் எல்லா அப்பாக்களையும்போலச் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார் என்று நம்பினாளாம். ஆறு பக்கப் புகாரை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

குற்றாலலிங்கம் இடி விழுந்து இறந்துபோனார் என்றுதான் பாளையங்கோட்டைக்குச் செய்தி வந்திருந்தது. பேச்சித்தாய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். சிவப்பு சுவிட்ச். சட்டைப் பையில் இருந்த காகிதம். தாங்கள் எழுதாத ஒரு கடிதத்துக்காகப் பயந்துபோன ஒரு கிழவர், ஒரு கிழவி.

விஜயஸ்ரீ மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு கல்யாணத்தைத்தான் மேடம் நிறுத்தப் பாத்தேன்..."

"அது நின்னுட்டு."

அந்தப் பெண் அழுதாள். பேச்சித்தாய் அழ விட்டாள். அழுது முடித்ததும், நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், கோமதிசங்கரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெங்களூருக்குப் போக வேண்டும் என்றாள். விஜயஸ்ரீ சரி என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

கீழே முன்னறையில் சிவசங்கரன் மேஜையில் குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். மொட்டைக் கடிதம் எழுதிய அந்த மர்ம நபரைக் காவல்துறை ஒரு வாரமாகியும் கண்டுபிடிக்காதது குறித்து மேலதிகாரிகளுக்கு ஒரு நினைவூட்டல் மனு. பக்கத்தில் கார்பன் தாள் தயாராக இருந்தது.

"மேடம்... அப்பாகிட்ட நீங்க சொல்லிருவீங்களா?"

பேச்சித்தாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நேர்ல சொன்னா உங்கப்பா எங்க நம்பப் போறாரு? ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுருதேன்."